ஏழாம் நம்பர் பாஸ்வேர்ட்

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு அலுவலகம், ஐப்பசி இடியில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஐந்து நெட்வொர்க் சுவிட்சில் ஒன்று கருகிப்போனது, புதிதாக ஒன்றை வைக்கலாம் என்று மற்ற நான்குக்குள் நுழையப் பார்த்தால் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியவில்லை. போட்ட ஆள் கல்ஃப்புக்குப் போய் இரண்டு வருடம். "மக்களே, அவன் போனே எடுக்க மாட்டேங்கான், நீயே எப்படியாவது தொறந்து குடு" என்றார் அங்கே கணக்கு பார்க்கும் பெரியவர்.

திறக்கலாம். அவை சிஸ்கோ கம்பெனியின் 2960 ரகம், முன்பக்கத்தில் மோடு என்று ஒரு பட்டன் இருக்கும், கரன்டை எடுத்துவிட்டு அதை அழுத்திப் பிடித்தபடியே மறுபடி கொடுத்தால் சுவிட்ச் முழுதாக எழும்பாமல் பாதியில் நிற்கும். செட்டிங் எல்லாம் உள்ளே ஒரே ஃபைலில்தான், பாஸ்வேர்டும் அதில்தான். அந்த ஃபைலின் பெயரை மாற்றிவிட்டு பூட் செய்தால் தனக்குப் பாஸ்வேர்ட் இருந்ததே சுவிட்சுக்குத் தெரியாது. உள்ளே போய்ப் பெயரைத் திருப்பி வைத்து, செட்டிங்கை ஏற்றி, புதுப் பாஸ்வேர்ட் போட்டுச் சேமித்தால் முடிந்தது. பூட்டை யாரும் உடைக்கவில்லை, கவனித்தீர்களா? சுவிட்ச் மாட்டியிருக்கும் ரேக்கில் கை வைக்க முடிந்தவனுக்குப் பாஸ்வேர்ட் ஒரு தடையே இல்லை, இங்கேயோ ரேக் மாடிப்படிக்குக் கீழே துடைப்பத்தோடு கிடந்தது.

ஒன்றைத்தான் இப்படித் திறந்தேன். மற்ற மூன்றுக்கும் அந்த வேலையே வேண்டியிருக்கவில்லை, காரணம் ஃபைலில் பாஸ்வேர்ட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்த 7 என்ற எண்.

ஏழாம் வகை என்பது வெறும் முகமூடி. எல்லா சுவிட்சிலும் ஒரே நிலையான சாவிச்சரம், அதில் எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை முதல் இரண்டு இலக்கங்களே சொல்லிவிடும், அந்தச் சரமும் பல வருடங்களாக ஊருக்கே தெரியும். தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவனை ஏமாற்றலாம், அவ்வளவுதான். நொடியில் பிரித்துவிட்டேன்: கம்பெனி பெயர், அப்புறம் 123.

அதே ஃபைலில் பாஸ்வேர்ட் என்பதற்குப் பதில் சீக்ரெட் என்று போட்டால் கதை வேறு, அது ஹாஷ் ஆகிவிடும். ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி ஷீட் அடித்த பிறகு அதை மறுபடி பாலாக்க முடியுமா? ஹாஷ் அப்படித்தான். சுவிட்ச் உங்கள் பாஸ்வேர்டை வைத்துக்கொள்வதில்லை, நீங்கள் அடிப்பதையும் அதே மாதிரி ஷீட் அடித்து இரண்டும் ஒன்றா என்று மட்டும் பார்க்கிறது. இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்ட் வைத்தாலும் ஷீட் வேறாக வரட்டும் என்று கொஞ்சம் உப்பும் சேர்க்கிறது, நிஜமாகவே அதன் பெயர் சால்ட். சீக்ரெட்டிலும் வகைகள் உண்டு: ஐந்தாம் வகை எம்டி5 என்ற ஹாஷ் முறை, இன்றைய கணினிகளுக்கு அது லேசான வேலை. எட்டாம் வகை 20,000 சுற்று சுற்றும், ஒன்பதாம் வகை நினைவகத்தையும் தின்னும், ஆகவே ஊகித்து ஊகித்துப் பார்ப்பவனுக்கு நேரம் பிடிக்கும். நடுவில் நாலாம் வகை என்று ஒன்று வந்தது, உப்பும் போடாமல் ஒரே சுற்றோடு விட்டுவிட்டதை சிஸ்கோவே 2013-இல் ஒப்புக்கொண்டது.

கல்ஃப்புக்குப் போன அந்த ஆளும் எனேபிளுக்கு, அதாவது செட்டிங்கை மாற்றும் அதிகாரத்துக்கு, சீக்ரெட்தான் போட்டிருந்தான். ஆனால் தூரத்திலிருந்து நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைய உதவும் டெல்நெட் லைனுக்கு அதே சொல்லை ஏழாம் வகையில் வைத்திருந்தான், நாலு சுவிட்சுக்கும் அதே சொல். டெல்நெட் வேறு எல்லாவற்றையும் அப்படியே எழுத்தாக அனுப்பும்.

சரி, டெல்நெட்டை மூடி, அதே வேலையை மறையாக்கிச் செய்யும் எஸ்எஸ்எச் போட்டு, ஆளுக்கொரு கணக்கு உண்டாக்கினேன். யார் எப்போது நுழைந்தார் என்று சுவிட்ச் எழுதும் லாகில் பெயர் விழும், வேலையை விட்டுப் போனவரின் கணக்கை ஒரே வரியில் எடுத்துவிடலாம். பெரிய இடமாக இருந்தால் எல்லாருடைய கணக்கையும் ஒரே இடத்தில் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரிடம் பொறுப்பைக் கொடுப்பார்கள், அப்போதும் சர்வர் கிடைக்காத நேரத்துக்கு சுவிட்சிலேயே ஒரு கணக்கு வேண்டும்.

"எனக்கும் ஒண்ணு போடு" என்றார் பெரியவர். கணக்குக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை நிலை எண் சொல்லும், நிலை 15 கொடுத்தால் எல்லாவற்றையும் மாற்றலாம். அவருக்கு நிலை 1 போட்டேன், கேபிள் செருகும் போர்ட்டுகளில் எது வேலை செய்கிறது என்று பார்க்கலாம், தொட முடியாது. அதுவே அவருக்குப் பெரிய சந்தோஷம்.