மாலை ஓட்டம் ஏன் கனக்கிறது: புழுக்கமும் உடம்பும்

கோடையில் காலையும் மாலையும் ஓடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காலையில் ஓடிய அதே வேகம்தான், தூரம் இன்னும் குறைவு. ஆனால் கையிலிருக்கும் கடிகாரம் இதயத் துடிப்பைப் பத்து, பன்னிரண்டு கூட்டிக் காட்டும். மூச்சு சீக்கிரம் வாங்கும். காலில் பெரிய வலி எதுவும் இருக்காது, ஆனாலும் உடம்பு ஒத்துழைக்காது. காலையில் ஓடிய களைப்பு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். அந்தக் களைப்புக்குள் என்னென்ன இருக்கின்றன, அவை ஒவ்வொன்றும் தீர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்த்தால்தான் இரண்டாவது ஓட்டத்தை எந்த நாளில் ஓடலாம், எந்த நாளில் விட்டுவிட வேண்டும் என்பது பிடிபடும்.

முதலில் சூடு. தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் கால் பங்குதான், பல நேரம் அதற்கும் குறைவாகத்தான், அசைவாக மாறுகிறது. மீதி அத்தனையும் வெப்பம். ஒரு கிலோமீட்டர் ஓடினால் உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் மணிக்கு 600 கிலோகலோரி. அதில் 450க்குக் குறையாமல் வெப்பம். அவருடைய உடம்பை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்ற 50 கிலோகலோரி போதும். வெப்பம் வெளியேற வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால் ஏழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏறும். அரை மணி நேரத்துக்குள் உயிருக்கே ஆபத்தான நிலை வந்துவிடும்.

அப்படி வராமல் காப்பது பெரும்பாலும் வியர்வைதான். ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மேலே சொன்ன ஓட்டக்காரருக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் கூடத் தேவையில்லை, அத்தனையும் ஆவியானால். மூக்கு நுனியிலிருந்தும் முழங்கையிலிருந்தும் சொட்டி விழும் வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை. உடம்புக்கு அது வெறும் நீரிழப்பு. தொப்பலாக நனைந்து திரும்புவதை நல்ல ஓட்டத்துக்கு அடையாளமாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில், அன்றைக்கு வியர்வையில் பெரும்பகுதி வேலை செய்யாமலே வீணாகிவிட்டது என்பதைத்தான் அது காட்டுகிறது. மழைநாளில் கொடியில் போட்ட துணி காயாமல் கிடப்பதற்கு எது காரணமோ அதுதான் இதற்கும் காரணம்: காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. அதிகாலையில் வானிலைச் செயலியைத் திறந்தால் ஈரப்பதம் 90 சதவீதம் என்று இருக்கும். பிற்பகலில் அதுவே 50 சதவீதம். அப்படியானால் மாலையில் ஓடுவதுதானே மேல் என்று தோன்றும். அந்தச் சதவீதம், அப்போதைய வெப்பநிலையில் காற்றில் அதிகபட்சமாக எவ்வளவு நீராவி இருக்க முடியுமோ அதில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. காற்று சூடாக ஆக அந்த உச்சவரம்பும் உயர்ந்துகொண்டே போகும். 26 டிகிரி, 90 சதவீதம் உள்ள விடியற்காலைக் காற்றிலும் 36 டிகிரி, 50 சதவீதம் உள்ள பிற்பகல் காற்றிலும் நீராவியின் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றுதான், சுமார் 3 கிலோபாஸ்கல். நனைந்த தோல் 35 டிகிரியில் இருந்தால் அதன் மேற்பரப்பில் 5.6 கிலோபாஸ்கல். வியர்வை ஆவியாவதைத் தீர்மானிப்பது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அது காலையிலும் பிற்பகலிலும் ஒரே அளவுதான்.

மாறுவது வேறொன்று. 26 டிகிரிக் காற்று தோலை உரசிப் போகும்போது நேரடியாகவே கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொள்கிறது. 36 டிகிரிக் காற்று சூட்டைத் திருப்பிக் கொடுக்கிறது. அதோடு வெயிலும், பகல் முழுக்கச் சூடேறிய சாலையும் சுவர்களும் சேர்ந்துகொள்கின்றன. எனவே 90 சதவீதம் என்று பயமுறுத்தினாலும் காலையே மேல். இவை எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குள் கொண்டுவரத்தான் 1950களில் அமெரிக்க மரைன் படையின் பாரிஸ் ஐலண்ட் பயிற்சி முகாமை ஒட்டி டபிள்யூ.பி.ஜி.டி. (ஈரக் குமிழ், கோள வெப்பநிலை) என்ற அளவீடு உருவானது. ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு அதில் 70 சதவீத மதிப்பு, வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் வெப்பத்துக்கு 20 சதவீதம், நாம் வழக்கமாகப் பார்க்கும் காற்றின் வெப்பநிலைக்கு வெறும் 10 சதவீதம். ஓடுகிறவர்கள் பார்க்க வேண்டிய எண் அதுதான் என்பேன்.

புழுக்கம் இன்னொன்றும் செய்கிறது. தோல் நீண்ட நேரம் நனைந்தே இருந்தால் அதன் மேலடுக்கு ஊறி உப்பிப்போகும். அந்த ஊறலில் வியர்வைத் துளைகள் நெருக்கப்பட்டு, சுரப்பே குறையத் தொடங்கும். வியர்வை ஏற்கெனவே சரியாக ஆவியாகாத நாளில் இது கூடுதல் சுமை. நடுவில் ஒருமுறை நின்று முகத்தையும் கைகளையும் துடைத்துக்கொள்வதும், நனைந்த சட்டையை மாற்றுவதும் வெறும் சுகத்துக்காக மட்டும் அல்ல.

இனி இதயம். ஓடும்போது தசைகளுக்கு ரத்தம் வேண்டும். சூட்டைத் தோலுக்குக் கொண்டுபோகவும் அதே ரத்தம்தான் வேண்டும். தோலின் நாளங்கள் விரிந்து அங்கே ரத்தம் தேங்குகிறது. வியர்வை போகப்போக ரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைவதால் ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளித்தள்ளும் அளவும் குறைகிறது. அதை ஈடுகட்ட எண்ணிக்கையைக் கூட்டுவதைத் தவிர இதயத்துக்கு வேறு வழியில்லை. கடிகாரத்தில் பார்த்த அந்தப் பத்து, பன்னிரண்டு துடிப்பு இங்கிருந்துதான் வருகிறது. மாலையில் அது ஓட்டத்தின் கடைசியில் வராமல் தொடக்கத்திலேயே வந்து நிற்கிறது.

ஏன் தொடக்கத்திலேயே? ஒரு காரணம், காலை ஓட்டம் இல்லாவிட்டாலும் இருக்கும். உடம்பின் உள்வெப்பநிலை விடியலுக்கு முன் மிகக் குறைவாகவும் பிற்பகல், மாலை நேரங்களில் உச்சத்திலும் இருக்கும். வித்தியாசம் அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஹோசே கொன்சாலெஸ்-அலோன்சோவும் அவருடைய சகாக்களும் 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்தால் அப்படித் தோன்றாது. நன்கு பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களை 40 டிகிரி வெப்பத்தில் ஒரே வேகத்தில் மிதிக்க வைத்தார்கள். தொடங்கும் முன் உடம்பைத் தண்ணீரால் குளிர்வித்தோ சூடேற்றியோ உள்வெப்பத்தை மூன்று விதமாக மாற்றினார்கள்: சுமார் 36, 37, 38 டிகிரி. குளிர்ந்த உடம்போடு தொடங்கியபோது சராசரியாக 63 நிமிடம் தாங்கினார்கள். வழக்கமான வெப்பத்தில் 46 நிமிடம். சூடேறிய உடம்போடு 28 நிமிடம்தான். மூன்று முறையும் அவர்கள் கைவிட்ட இடம் ஒன்றே: உள்வெப்பம் 40 டிகிரியைத் தொட்டுச் சற்றே தாண்டிய இடம். எந்தச் சூட்டில் தொடங்குகிறோமோ அதைப் பொறுத்து எஞ்சியிருக்கும் நேரம் மாறுகிறது.

அடுத்த காரணம் காலை ஓட்டத்தின் மிச்சம். ஓட்டத்தை நிறுத்திய சில நிமிடங்களிலேயே தோலுக்குப் போகும் ரத்தமும் வியர்வையும் வேகமாகக் குறைந்துவிடும். உள்ளே சேர்ந்த வெப்பமோ அவ்வளவு சீக்கிரம் இறங்காது. உள்வெப்பநிலை ஒரு மணி நேரத்துக்கு மேலும் வழக்கத்தைவிட அரை டிகிரி போலக் கூடுதலாகவே இருக்கும். மேலுக்கு ஆறிவிட்டது போலிருந்தாலும் உள்ளே ஆறியிருக்காது. குளிர்ந்த நீரில் நன்றாகக் குளிப்பதும், விசிறிக்குக் கீழே உட்காருவதும், குளிர்ச்சியான பானமும் இந்த நேரத்தைக் குறைக்கும். சூட்டைப் பொறுத்தவரை, நிழலான, காற்றோட்டமான இடத்தில் பகலைக் கழிக்க முடிந்தால் மாலைக்குள் கணக்கு தீர்ந்துவிடும். வேலையே வெயிலில் என்றால் தீராது. அப்படிப்பட்டவர்களுக்கு அந்த வேலையே இன்னொரு ஓட்டம்.

நீரிழப்பு இன்னும் மெதுவாகத் தீரும். இதை அளப்பது சுலபம், ஆனால் பலரும் அளப்பதே இல்லை. ஓடும் முன் எடை பாருங்கள். வந்தபின் நனைந்த உடைகளைக் கழற்றி, உடம்பைத் துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். சட்டையில் ஊறியிருப்பதும் உடம்பை விட்டுப் போன நீர்தான். 60 கிலோ 58.8 ஆகியிருந்தால், வழியில் எதுவும் குடிக்காத பட்சத்தில், போனது ஏறத்தாழ 1.2 லிட்டர், எடையில் 2 சதவீதம். அவ்வளவு குறைந்தாலே வெயிலில் நீண்ட ஓட்டம் பாதிக்கப்படத் தொடங்கும். இழந்த 1.2 லிட்டரை மட்டும் குடித்தால் போதாது. அதில் ஒரு பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். குறுகிய இடைவெளியில் மீள வேண்டுமானால் இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2007இல் சொன்ன கணக்கு. இந்த உதாரணத்தில் 1.8 லிட்டர், ஒரே மூச்சில் குடிக்காமல் பகல் முழுக்கப் பரவலாக, உப்போடு.

உப்பு ஏன்? ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் போகிறது. ஆளுக்கு ஆள் இது பாதியாகவும் இருக்கும், இரட்டிப்பாகவும் இருக்கும். கறுப்புச் சட்டை காய்ந்தபின் வெள்ளைக் கோடு படிகிறவர்கள் அதிகம் இழக்கிறவர்கள். சோடியத்தை ஈடுகட்டாமல் வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் சிறுநீர் தெளிவாகப் போகும், உடம்பில் நீர் தங்காது. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்தே போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு அந்த நிலை இருந்தது. மாலையில் எடை காலையைவிடக் கூடியிருந்தால் அதுவும் நல்ல செய்தி இல்லை.

எரிபொருள்தான் கடைசியில் நிரம்புகிறது. சூட்டில் ஓடும்போது தசைகள் சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பு வழக்கத்தைவிட வேகமாகக் கரைகிறது. நன்றாகக் காலியாகிவிட்டால் முழுதாக நிரம்ப ஒரு நாள் போலாகும். காலை ஓட்டம் சுலபமான அரை மணி நேரம் என்றால் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு, பசியில்லை என்று மதியம் வரை சாப்பிடாமல் இருந்தால் மாலையில் கால் எழும்பாது. வெயிலில் ஓடியபின் பசி மங்குவது சகஜம். பசிக்காகக் காத்திருக்காமல் ஓட்டம் முடிந்த முதல் சில மணி நேரத்துக்குள் மாவுச்சத்துள்ள உணவைச் சாப்பிட்டுவிட வேண்டும்.

இத்தனை சிக்கல் இருந்தும் இரண்டாகப் பிரித்து ஓடுவதில் ஒரு நிஜமான லாபம் உண்டு. உள்வெப்பம் முதல் அடியிலேயே உச்சத்துக்குப் போய்விடுவதில்லை. அரை மணி, முக்கால் மணி நேரம் ஏறிக்கொண்டே போகும். புழுக்கத்தில் அது எங்கேயும் நிலைகொள்ளாமல் மேலும் ஏறலாம். ஒரே மூச்சில் 80 நிமிடம் ஓடுவதற்குப் பதில் காலையில் 50, மாலையில் 30 என்று ஓடினால் தூரம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் ஆபத்தான உயரத்துக்குச் சூடு போவதில்லை. வேகப் பயிற்சி இருந்தால் அது காலைக்கு. மாலையில் வேகத்தைப் பார்க்காமல் இதயத் துடிப்பைப் பார்த்து ஓடுவதுதான் சரி. முதல் பத்து நிமிடத்திலேயே துடிப்பு காலையின் கடைசி நிமிட அளவுக்கு வந்துவிட்டால் திரும்பி நடப்பேன், அவ்வளவுதான்.

அதற்கும் முன்னால் ஒரு நிபந்தனை: உடம்பு வெயிலுக்குப் பழகியிருக்க வேண்டும். பழக 10 முதல் 14 நாள் ஆகும். முதல் வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகி இதயத்தின் சுமை குறையும். வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். இந்த நாட்களில் ஒரு வேளை ஓட்டமே போதும். பழகியபின்னும் நேற்றைய வெப்பம் இன்றைக்குக் கணக்கில் வரும். அதே பாரிஸ் ஐலண்டில் பயிற்சி வீரர்களின் பதிவுகளை வைத்து 2005இல் வெளியான ஆய்வில், அன்றைய வெப்பம் மட்டுமல்லாமல் முந்தைய நாளின் வெப்பமும் வெப்பநோய் வாய்ப்பைக் கூட்டுவது தெரிந்தது. தொடர்ந்து இரண்டு, மூன்று நாள் கடும் புழுக்கம் என்றால் விட வேண்டியது மாலை ஓட்டத்தைத்தான்.

உடன் ஓடுகிறவர் தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, காரணமின்றி எரிந்து விழுந்தாலோ வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தோல் வறண்டிருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது; ஓட்டத்தில் வருவது பெரும்பாலும் வியர்வை கொட்டும்போதே வரும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் குளிர்ந்த நீர்த்தொட்டியில் கழுத்துவரை இறக்க வேண்டும், தலையைப் பிடித்துக்கொண்டு. தொட்டி இல்லையென்றால் உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருந்து விசிற வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் நடக்கும் ஃபால்மவுத் சாலை ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் 274 பேருக்கு இப்படி வெப்பத்தாக்கு வந்தது. மருத்துவக் கூடாரத்துக்கு வந்தபோது அவர்களின் சராசரி உள்வெப்பம் 41 டிகிரிக்கு மேல். அங்கேயே ஐஸ் தண்ணீரில் இறக்கிக் குளிர்வித்தார்கள். 274 பேரும் பிழைத்தார்கள்.