வேகம் வயிற்றுக்குத் தெரியாது

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக் காரில் போகிறவர்கள் ஒரு சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் பிரிக்காமல் வைத்திருங்கள். கடலோரத்தில் தளர்ந்து கிடந்த பாக்கெட், வான் ரீனென் கணவாயை ஏறி முடிக்கும்போது தலையணை மாதிரி உப்பியிருக்கும். ஜூலை விடுமுறையில் நாங்கள் போனபோது என் மகன் அதை மடியில் வைத்துக்கொண்டு, வெடிக்குமா வெடிக்காதா என்று அவன் ஆயாவிடம், அதாவது என் மாமியாரிடம், பந்தயம் கட்டினான். வெடிக்கவில்லை. எல்லாருக்கும் காது மட்டும் அடைத்தது. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் டர்பனில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். வெளியே அழுத்தம் குறையக் குறைய, உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. பாக்கெட்டுக்கும் காதுக்கும் ஒரே கதை.

இந்தப் பயணத்துக்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த என் மாமியாருக்கு, ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபொன்டேன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் தில்லையாடி வள்ளியம்மையின் சமாதியில் பூ வைக்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. காந்தியின் போராட்டத்தில் சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 1914இல் பதினாறு வயதில் இறந்துபோன பெண். பிள்ளைகளுக்கு கோல்டு ரீஃப் சிட்டி. முதல் நாள் பூ, மறுநாள் ராட்டினம் என்று முடிவானது.

கோல்டு ரீஃப் சிட்டி பழைய தங்கச் சுரங்கத்தின் மேல் எழுந்த பொழுதுபோக்குப் பூங்கா. கிரவுன் மைன்ஸ் சுரங்கத்தின் 14ஆம் எண் குழி இருந்த இடம் அது. 1886இல் இந்தப் பகுதியில் தங்கப் பாறை கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் ஜோகன்னஸ்பர்க் என்ற ஊரே பிறந்தது. அந்தப் பழைய வாழ்வை ராட்டினத்திலும் விட்டுவிடவில்லை. 'டவர் ஆஃப் டெரர்' என்ற ரோலர் கோஸ்டர், மேலே கோபுரம் மாதிரித் தூக்கிப்போய், அங்கிருந்து செங்குத்தாகத் தரைக்குக் கீழே ஒரு சுரங்கக் குழிக்குள் ஆளை விடுகிறது. மொத்த வீழ்ச்சி சுமார் 47 மீட்டர். வேகம் மணிக்கு சுமார் 95 கிலோமீட்டர்.

என் மனைவியும் மகளும் அதில் ஏறினார்கள். இறங்கி வந்த மகள், மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, நேத்து ஹைவேல 120ல வந்தோமே, நான் தூங்கிட்டுதான் வந்தேன். இது அதைவிடக் குறைச்சல் வேகம். இதுல மட்டும் ஏன் வயிறு இப்படி எழும்பி வாய்க்கு வருது?"

ரோலர் கோஸ்டரைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான் என்று நினைக்கிறேன். பதில்: நம் உடம்பில் வேகமானி கிடையாது. வேகத்தை நாம் உணர்வதே இல்லை. வேகம் மாறுவதைத்தான் உணர்கிறோம். பூமி சூரியனைச் சுற்றி விநாடிக்கு சுமார் 30 கிலோமீட்டர் போகிறது, காபி சிந்துவதில்லை. நெடுஞ்சாலையில் 120இல் சீராகப் போகும் காரும் அப்படித்தான். கண்ணை மூடிக்கொண்டால் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருப்பதற்கும் அதற்கும், அதிர்வைத் தவிர, வித்தியாசம் தெரியாது.

மாற்றத்தை உணர உள்காதில் ஒரு அருமையான ஏற்பாடு இருக்கிறது. ஜெல்லி போன்ற ஒரு மெத்தை, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புப் படிகங்கள், கீழே மயிரிழை போன்ற நரம்பு செல்கள். நீங்கள் சட்டென்று முன்னால் பாய்ந்தால் கனமான படிகங்கள் பின்தங்கும், மெத்தை சரியும், இழைகள் வளையும், மூளைக்குச் செய்தி போகும். சீரான வேகத்தில் எதுவும் சரியாது, அதனால் செய்தியும் இல்லை.

வயிற்றுக்கு வருவோம். எடை என்று நாம் உணர்வது பூமி நம்மை இழுப்பதை அல்ல. நாற்காலி நம்மைத் திருப்பித் தள்ளுவதைத்தான். உட்கார்ந்திருக்கும்போது குடலும் இரைப்பையும் ஒன்றின் மேல் ஒன்று அழுந்தியும் தொங்கியும் இருக்கின்றன. பிறந்ததிலிருந்து அந்த அழுத்தம் பழகிப்போனதால் அது இருப்பதே தெரியாது. பெட்டி செங்குத்தாக விழும்போது நாற்காலி, நீங்கள், உங்கள் இரைப்பை எல்லாம் ஒரே மாதிரி விழுகின்றன. யாரும் யாரையும் தள்ளுவதில்லை. பழகிய அழுத்தம் ஒரே கணத்தில் காணாமல் போகிறது. அந்த இல்லாமையைத்தான் 'வயிறு எழும்புது' என்று சொல்கிறோம். ஊஞ்சலில் உச்சிக்குப் போகும்போது அடிவயிற்றில் ஒரு கூச்சம் வருமே, அதன் பெரிய அண்ணன் இது. 47 மீட்டரைத் தடையில்லாமல் விழுந்து கடக்க மூன்று விநாடிதான் ஆகும். ஆனால் அந்த மூன்று விநாடி, எட்டு மணி நேர நெடுஞ்சாலையை மறக்கடித்துவிடும்.

கீழே போனதும் கதை தலைகீழாகிறது. செங்குத்தாக வந்த பெட்டியைத் தண்டவாளம் வளைத்து மேலே திருப்ப வேண்டும். இப்போது நாற்காலி உங்களை அளவுக்கு மீறித் தள்ளுகிறது. தரையில் நிற்கும்போது உணரும் எடையை 1 ஜி என்று வைத்துக்கொண்டால், டவர் ஆஃப் டெரரில் அது 6.3 ஜி வரை போகும் என்று சொல்லப்படுகிறது. உலகிலேயே மிக அதிகமான எண்களில் ஒன்று. 60 கிலோ ஆளுக்கு அந்த நொடியில் உடம்பு 378 கிலோ கனக்கும். போர் விமானிகள் இந்த அளவைப் பல விநாடி தாங்கினால், தலையிலிருந்து இரத்தம் கீழே வடிந்து கண் இருண்டுவிடும். அதற்கென்றே தனி உடை அணிகிறார்கள். ராட்டினத்தில் அது கண் சிமிட்டும் நேரத்தில் கடந்துவிடுகிறது. இரத்தம் வடிய நேரமில்லை. எத்தனை ஜி என்பதோடு எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் பொறியாளர்கள் தண்டவாளத்தை வளைக்கிறார்கள்.

இதில் எஞ்சின் எங்கே என்று மகன் தேடினான். சாதாரண கோஸ்டரில் பெட்டிகளுக்குள் எஞ்சினே கிடையாது. தரையில் இருக்கும் மோட்டார் சங்கிலியால் இழுத்து உச்சிக்குக் கொண்டுபோய் விடும். அதோடு அதன் வேலை முடிந்தது. ஏறும்போது கேட்கும் டக் டக் டக் சத்தம் சங்கிலியுடையது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது பெட்டிக்கு அடியில் இருக்கும் ஒரு கொக்கி, தண்டவாளத்தின் பல் வரிசையில் ஒவ்வொரு பல்லாகத் தாண்டி விழும் சத்தம். சங்கிலியே அறுந்தாலும் பெட்டி பின்னால் உருளாது. அந்தக் கொக்கி அடுத்த பல்லில் பிடித்துக்கொள்ளும். பயமுறுத்துவது போலக் கேட்கும் அந்தச் சத்தம்தான் உண்மையில் காவல்.

உச்சியில் சேர்ந்த உயரம்தான் மொத்த முதலீடு. இறங்கும்போது உயரம் வேகமாகிறது, ஏறும்போது வேகம் உயரமாகிறது, நடுவில் உராய்வும் காற்றும் தங்கள் கமிஷனை எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான் அடுத்தடுத்த மேடுகள் முதல் மேட்டைவிடத் தாழ்வாகவே இருக்கும். 47 மீட்டர் வீழ்ச்சிக்குக் கணக்குப்படி மணிக்கு 109 கிலோமீட்டர் வர வேண்டும், கிடைப்பது 95. ஜோகன்னஸ்பர்க்கில் காற்று மெலிந்திருப்பதால் அதன் கமிஷன் மட்டும் டர்பனில் இருந்திருக்கக்கூடியதைவிடக் கொஞ்சம் குறைவு. இன்னொன்று: ஜோகன்னஸ்பர்க் இருக்கும் உயர் பீடபூமியான ஹைவெல்டில் ஜூலைக் காலை கை விறைக்கும் குளிர். பேரிங்கில் இருக்கும் கிரீஸும் கெட்டியாக இருக்கும், சக்கரங்கள் சோம்பலாகச் சுழலும். வெயில் ஏறி, பத்து இருபது சுற்று ஓடி கிரீஸ் இளகியதும் அதே கோஸ்டர் வேகமெடுக்கும். வேகப் பிரியர்கள் மதியத்துக்கு மேல் ஏறுவது நல்லது.

எந்த இருக்கை என்பதும் முக்கியம். முன் வரிசையில் காட்சி அழகு, ஆனால் உச்சியைத் தாண்டும்போது பின்னால் இருக்கும் பெட்டிகளின் எடை உங்களை இழுத்துப் பிடிக்கும், மெதுவாகத்தான் கவிழ்வீர்கள். கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போது முன்பெட்டிகள் ஏற்கெனவே பாய்ந்துகொண்டிருக்கும். அவை உங்களை உச்சிக்கு மேலாகச் சுண்டி இழுக்கும். வயிறு எழும்ப வேண்டுமா, கடைசி வரிசை.

தலைகீழாகும்போது ஏன் விழுவதில்லை என்று மாமியார் கேட்டார். அவருக்கு பதில் சொல்ல ஒரு செம்பு போதும். தண்ணீர் நிரப்பிய செம்பைக் கயிற்றில் கட்டி வேகமாகச் சுற்றினால் உச்சியில் கவிழ்ந்திருக்கும்போதும் ஒரு சொட்டு சிந்தாது. தண்ணீர் நேராகப் பறக்கப் பார்க்கிறது, செம்பின் அடிப்பாகம் அதை வட்டத்துக்குள் தள்ளிக்கொண்டே இருக்கிறது. லூப்பின், அதாவது தலைகீழாகச் சுற்றும் வளையத்தின், உச்சியில் வளைவின் ஆரம் 6 மீட்டர் என்றால், மணிக்கு 28 கிலோமீட்டருக்கு மேல் போனாலே இருக்கை உங்களைத் தாங்கிக்கொள்ளும். 39ஐத் தொட்டால் தலைகீழாக இருந்தும் நாற்காலியில் சாதாரணமாக உட்கார்ந்த கனமே இருக்கும். தோள்பட்டைக் கம்பி, வேகம் குறைந்து நின்றுபோனாலும் ஆளைப் பிடித்துக்கொள்வதற்கு. பெட்டியைப் பிடித்திருப்பது சக்கரங்கள்: தண்டவாளத்தின் மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று. அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919இல் காப்புரிமை பெற்றார். இதே பூங்காவின் இன்னொரு கோஸ்டரான 'அனகோண்டா'வில் தண்டவாளம் தலைக்கு மேலே ஓடும், கால் அந்தரத்தில் தொங்கும். அங்கேயும் இதே பிடிதான்.

லூப்பைக் கூர்ந்து பாருங்கள், அது வட்டமாக இருக்காது. தலைகீழாகப் பிடித்த நீர்த்துளி போல, மேலே இறுக்கமாகவும் கீழே தளர்வாகவும் வளைந்திருக்கும். 1895இல் நியூயார்க்கின் கோனி தீவில் ஒரு கோஸ்டரை முழு வட்டமாகவே கட்டினார்கள். கழுத்து வலியோடு இறங்கினார்கள் ஜனங்கள். வட்டத்தில் நேர்ப்பாதை முடிந்த மறுநொடியே முழு வளைவும் வந்து மோதும். உச்சியைத் தாண்டத் தேவையான குறைந்தபட்ச வேகத்தில் நுழைந்தாலும் கீழே 6 ஜி. இந்தச் சிக்கலை ஜெர்மனியின் அன்டன் ஷ்வார்ஸ்கோப்ஃபும் வெர்னர் ஸ்டெங்கலும் தீர்த்து, 1976இல் கலிஃபோர்னியாவில் நீர்த்துளி லூப்பை ஓட்டிக் காட்டினார்கள். வளைவு கொஞ்சம் கொஞ்சமாக இறுகும், மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக இளகும். முதல்நாள் வான் ரீனென் கணவாயில் நான் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் அப்படித்தான். யாரும் வளைவில் சட்டென்று முழுதாக ஒடிப்பதில்லை. கோல்டு ரீஃப் சிட்டியின் 'கோல்டன் லூப்' அதே ஷ்வார்ஸ்கோப்ஃப் கட்டியது. 1977இலிருந்து 1988 வரை அமெரிக்காவின் கரோவின்ட்ஸ் பூங்காவில் ஓடிவிட்டு இங்கே வந்து சேர்ந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கை கூப்பத் தோன்றியது.

கடைசியில் வேகத்தை அடக்குவது காந்தம். பெட்டியின் அடியில் இருக்கும் உலோகத் தகடு வலுவான காந்தங்களுக்கு இடையே பாயும்போது தகட்டுக்குள் மின்சாரம் சுழல்கிறது. அந்தச் சுழல் தன் காந்தப்புலத்தால் ஓட்டத்தை எதிர்க்கிறது. தொடாமலே பிடிக்கும், மின்வெட்டிலும் பிடிக்கும். மின்வெட்டுக்குப் பழகிய தென்னாப்பிரிக்கர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். புதிய கோஸ்டர்கள் பலவற்றில் இதுதான் பிரேக்.

இவ்வளவு சொல்லியும், எங்கள் வீட்டில் யாருக்கும் கோஸ்டரில் குமட்டவில்லை. போன ஈஸ்டரில் டர்பனில் ஒரு சின்னப் பொருட்காட்சியில், நடக்கிற வேகத்தில் சுற்றும் கோப்பை ராட்டினத்தில்தான் மகன் வாந்தி எடுத்தான். உள்காதில் மூன்று வளையக் குழாய்கள் இருக்கின்றன, உள்ளே திரவம். தலை சுற்றத் தொடங்கும்போது திரவம் பின்தங்கி, சுற்றுகிறோம் என்று சொல்லும். சுற்றிக்கொண்டே இருந்தால் அரை நிமிடத்தில் திரவமும் கூடவே சுற்றத் தொடங்கி, செய்தி ஓய்ந்துவிடும். நிறுத்தினால் திரவம் நிற்காது. கண் நின்றுவிட்டது என்கிறது, காது எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்கிறது. இந்தச் சண்டையில் மூளை குழம்பி வயிற்றைப் பிரட்டுகிறது. காரின் பின்சீட்டில் போன் பார்க்கிற பிள்ளைக்குக் குமட்டுவதும் இதனால்தான். போனை வாங்கிக்கொண்டு, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சுரங்கத்துக்குள் போனோம். பார்வையாளர்களைக் கூண்டில் ஏற்றி சுமார் 75 மீட்டர் கீழே இறக்குகிறார்கள். ராட்டினம் எதிலும் ஏறாத மாமியார் இதற்கு மட்டும் முன்னால் வந்து நின்றார். வேலை நடக்கிற ஆழச் சுரங்கங்களில் இந்தக் கூண்டு மணிக்கு 60 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கும்; ஒரு நடுத்தர கோஸ்டரின் வேகம், அதுவும் கிலோமீட்டர் கணக்கான ஆழத்துக்கு. உள்ளே தொழிலாளிகள் தோளோடு தோள் சேர்ந்து, பேசிக்கொண்டு நிற்பார்கள்.

எங்கள் கூண்டு கிளம்பியபோது ஒரு கணம் உடம்பு லேசானது. அப்புறம் ஒன்றுமில்லை. இருட்டில் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு இருக்கோமா, நின்னுட்டோமா?" என்றான்.

"போயிட்டுதான் இருக்கு கண்ணு. நிக்கும்போது ஆயா முட்டி சொல்லும், இரு" என்றார் மாமியார்.

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் எல்லார் முழங்காலும் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. கதவு திறந்தது.