பூட் மூடிக்கு வெளியே ஒரு பட்டன்

கோலாலம்பூர் புடு சந்தையில் இரண்டு கையிலும் பை, தலைக்கு மேல் மழை மேகம். காரின் பூட் (பின்பக்கச் சாமான் அறை) மூடியைத் திறக்கச் சாவியைத் தேட வேண்டும், இல்லாவிட்டால் முன்கதவைத் திறந்து குனிந்து டாஷ்போர்டு பட்டனை அழுத்த வேண்டும். இப்போது வரும் பல கார்களில் நம்பர் பிளேட்டுக்கு மேலேயே ஒரு பட்டன் இருக்கிறது. இல்லாத காருக்கு நாமே பொருத்திக்கொள்ளலாம். சாமான்களுக்குத் தூரம் போக வேண்டாம். அதே புடு வட்டாரத்தில் ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் எல்லாம் கிடைக்கும்.

பொருத்துவது பெரிய வேலை இல்லை. ஆனால் காருக்கு வெளியே, யார் கைக்கும் எட்டும் இடத்தில் பட்டன் வைக்கிறோம். யார் அழுத்தினாலும் அது 'திற' என்று கேட்கும். திறக்கலாமா கூடாதா என்ற முடிவை எதனிடம் விடுகிறோம் என்பதுதான் இதில் முக்கியம்.

முதலில் பூட் எப்படித் திறக்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலான செடான் கார்களில் மூடியின் கீழ் விளிம்பில் ஒரு கொக்கி இருக்கும். அதற்கு நேர் எதிரே காரின் உடலில் தடித்த கம்பி வளையம் இருக்கும். மூடியைத் திறந்து வைத்து, கொக்கியின் வாயில் ஒரு ஸ்குரூடிரைவர் தண்டை வைத்து அழுத்துங்கள். 'டக்' என்ற ஓசையோடு கொக்கி சுழன்று தண்டைக் கவ்விக்கொள்ளும். எவ்வளவு இழுத்தாலும் விடாது. டாஷ்போர்டு பட்டனை அழுத்தினால் உடனே விட்டுவிடும். (அப்படி விடுவிக்காமல் மூடியைச் சாத்திவிடாதீர்கள். கொக்கி ஏற்கெனவே சுழன்றிருப்பதால் வளையம் அதன்மேல் போய் மோதும்.)

கொக்கியைப் பிடித்து வைத்திருப்பது அதன் அருகில் உள்ள ஒரு சின்ன இரும்பு நாக்கு. மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை அழுந்தி, மூடியை எப்போதும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலை நாக்குதான் தாங்குகிறது. நாக்கு அசையாமல் நிற்பதற்குக் காரணம் அதன் வடிவம். கொக்கி தள்ளும் விசை, நாக்கு சுழலும் அச்சை நோக்கியே போகும்படி செய்திருக்கிறார்கள். கதவைக் கீல் இருக்கும் ஓரத்தில் தள்ளினால் அது அசையாது அல்லவா, அதே கணக்குதான். ஆகவே நாக்கை விலக்குவதற்கு முழு விசையோடும் போராட வேண்டியதில்லை, உராய்வை வென்றால் போதும். கட்டைவிரல் அளவு மோட்டார் ஒன்று பற்சக்கரங்களின் உதவியோடு அதைச் செய்துவிடுகிறது. பூட் அறையில் சாமானை அடைத்து மூடினால் சில நேரம் திறக்காமல் முரண்டு பிடிப்பதும் இதனால்தான். நாக்கின் மேல் விசை கூடுகிறது, உராய்வும் கூடுகிறது. மூடியை ஒரு கையால் லேசாகக் கீழே அழுத்திக்கொண்டு பட்டனைத் தட்டினால் திறந்துகொள்ளும்.

பழைய புரோட்டோன் கார்கள் சிலவற்றில் மோட்டார் கிடையாது. ஓட்டுநர் இருக்கை அருகே உள்ள நெம்புகோலிலிருந்து ஒரு கேபிள் போய் நாக்கை இழுக்கும். அவற்றுக்கு முதலில் ஒரு இழுக்கும் மோட்டாரைப் பொருத்த வேண்டும். அது தனி வேலை.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். மோட்டார் சுழலத் தொடங்கும் நொடியில் சில ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். மழையைத் தாங்கும் சின்ன பட்டன்கள் அந்த அளவுக்குச் செய்யப்பட்டவை அல்ல. சுமப்பதைவிட, நிறுத்துவதுதான் அவற்றுக்குக் கஷ்டம். மோட்டாருக்குள் உள்ள கம்பிச் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று துண்டித்தால் சுருள் அதை எதிர்த்து உயர் மின்னழுத்தம் ஒன்றை எழுப்பும். பட்டனுக்குள் தீப்பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் உலோக முனையைக் கொஞ்சம் தின்னும். தன்மின் தூண்டல் என்னும் இந்த விளைவை அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி 1832-இல் வெளியிட்டார். நமக்கு வேண்டிய ரிலேவை 1835-இல் செய்து காட்டியவரும் அவரே.

ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச். கார் ரிலேயின் சுருள் ஏறக்குறைய 80 ஓம் என்றால், 12 வோல்ட்டில் 0.15 ஆம்பியர்தான் ஓடும். பட்டனுக்கு அது ஒரு சுமையே இல்லை. ரிலேயின் இணைப்புக் கால்களின் எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 85, 86 சுருளுக்கு, 30 பேட்டரிப் பக்கம், 87 மோட்டாருக்கு. ரிலேயும் ஒரு சுருள்தான் என்பதால், அதன் குறுக்கே ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு) போட்டுவிட்டால் எழும் மின்னழுத்தம் அதன் வழியே சுற்றி அடங்கிவிடும். டயோடின் கோடு போட்ட முனை நேர்மின் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் அழுத்தியதும் ஷார்ட். பேட்டரியிலிருந்து வயர் எடுக்கும் இடத்துக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் வர வேண்டும். ஃபியூஸ் காப்பது வயரை. அதற்கு முன்னால் உள்ள வயர் காரின் உடலில் உரசினால் அதைக் காக்க எதுவும் இல்லை.

இத்தனையும் எல்லாக் காருக்கும் வேண்டியதில்லை. அண்மைக் கார்கள் பலவற்றில் டாஷ்போர்டு பட்டன் ஒரு கட்டுப்பாட்டுக் கணினிக்குச் சைகை மட்டுமே அனுப்புகிறது. அந்தப் பட்டனின் வயரில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். அழுத்தாதபோது 5 அல்லது 12 வோல்ட், அழுத்தினால் 0 என்று காட்டினால், அந்த வயரை பூமிக்கு (காரின் இரும்பு உடலுக்கு) இணைப்பதே சைகை. புதிய பட்டனை அதற்கு இணையாகப் போட்டால் போதும். அந்த வயருக்குள் 12 வோல்ட்டைச் செலுத்தவே கூடாது. பல்பு வைத்த டெஸ்டரும் வேண்டாம், அது இழுக்கும் மின்னோட்டம் கணினியைக் கெடுக்கலாம்.

இனி முடிவெடுக்கும் பகுதி. பட்டனுக்கான மின்சாரத்தைச் சாவி 'ஆன்' செய்தால் மட்டும் வரும் வயரிலிருந்து எடுப்பது பலரும் செய்யும் எளிய வழி. நிறுத்திவிட்டுப் போன காரை யாரும் திறக்க முடியாது. ஆனால் ஜாலான் ஈப்போ நெரிசலில் சிவப்பு விளக்குக்குக் காத்திருக்கும்போது? இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, பட்டனும் உயிரோடு இருக்கிறது. பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் ஒரு தட்டுத் தட்டினால் மடிக்கணினிப் பை அவருடையது. சாவியை எடுத்துக்கொண்டு பையோடு வந்து நிற்கும் நமக்கோ அது திறக்காது. எனக்கு இந்த வழி பிடிக்கவே இல்லை.

கதவுப் பூட்டின் பேச்சைப் பட்டன் கேட்க வேண்டும், அதுதான் சரி. பூட்டும்போதும் திறக்கும்போதும் கதவு மோட்டாருக்கு மின்சாரம் ஒரு நொடிக்கும் குறைவாகவே போகும். வழக்கமான அமைப்பில் இரண்டு வயர்: பூட்ட ஒன்றில் 12 வோல்ட், திறக்க மற்றொன்றில். பிறகு இரண்டும் அமைதியாகிவிடும். ஆகவே கடைசியாக நடந்தது எது என்பதை ஏதோ ஒன்று நினைவில் வைத்திருக்க வேண்டும். அதற்கென்றே இரண்டு சுருள் கொண்ட லாட்ச்சிங் ரிலே இருக்கிறது. ஒரு சுருளுக்குத் துடிப்பு வந்தால் ஒரு பக்கம் சாயும், மற்றதற்கு வந்தால் மறுபக்கம். நடுவில் மின்சாரமே வேண்டாம், உள்ளே உள்ள நிலைக்காந்தம் பிடித்து வைத்துக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றினாலும் மறக்காது. இதன் தொடுமுனை வழியாகவே பட்டனின் வயரைக் கொண்டுபோனால், கதவு பூட்டியிருக்கும்வரை பட்டன் செத்த பட்டன். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் கதவைத் தானே பூட்டிக்கொள்ளும் கார்களில், ஓட்டும்போதும் அது அடங்கியே இருக்கும்.

அப்புறம் மழை. ஐபி67 என்று அச்சிட்ட பட்டன் 1 மீட்டர் தண்ணீருக்குள் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். நம்பர் பிளேட் மேலே அவ்வளவு தண்ணீர் எங்கே வரப்போகிறது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கோலாலம்பூர் மதிய வெயிலில் நிற்கும் காரின் பட்டன் 60 டிகிரிக்குச் சூடேறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு மணிக்குக் கொட்டும் மழை அதை 27 டிகிரிக்கு இறக்கிவிடும். கெல்வினில் 333-இலிருந்து 300. உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். பத்தில் ஒரு பங்கு வளிமண்டல அழுத்தம் என்பது கிட்டத்தட்ட 1 மீட்டர் நீரின் அழுத்தம்! தண்ணீரில் மூழ்காமலேயே, மூழ்கிய அளவுக்கு உறிஞ்சல் உள்ளே உண்டாகிறது. ரப்பர் வளையத்தில் சிறு விரிசல் இருந்தாலும் மழைநீர் உள்ளே இழுக்கப்படும். விலை குறைந்த பட்டன் வெளியே பார்க்கப் புதிதாகவும் உள்ளே துருவோடும் இருப்பதற்கு இது ஒரு காரணம். தண்ணீர் ஷார்ட் ஆக்கினால் ரிலே விடாமல் பிடித்துக்கொண்டு மோட்டார் கருகலாம். பட்டனில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கார் கழுவும் கடையின் உயரழுத்தப் பீச்சலை ஐபி67 சோதனை கணக்கில் எடுப்பதில்லை, அதையும் நேராக அடிக்க விடாதீர்கள்.

வயரை மூடியிலிருந்து உடலுக்குக் கொண்டுபோகும்போது, கீல் அருகே ஏற்கெனவே உள்ள ரப்பர் குழாய்க்குள்ளேயே விடுங்கள். மூடி ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வயர் அங்கேதான் மடங்கும், பழைய கார்களில் அறுவதும் அங்கேதான். பல மெல்லிய இழைகள் கொண்ட வயர் நீண்ட நாள் உழைக்கும். பட்டனுக்கு வரும் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால், வயரோடு வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

எல்லாம் முடிந்ததும் பூட் மூடியைத் திறந்து வைத்தபடியே, கொக்கியில் அந்த ஸ்குரூடிரைவரைக் கவ்வவிட்டுச் சோதியுங்கள். முதல் சோதனை கதவுகளைப் பூட்டிவிட்டு அழுத்துவது. அப்போது கொக்கி அசையக் கூடாது. அடுத்தது கதவுப் பூட்டை விடுவித்துவிட்டு அழுத்துவது. அப்போது கொக்கி விட வேண்டும்.