‘யூரியாபிளாஸ்மா பாசிட்டிவ்’ என்ற ஒற்றை வரி போதாது

வெள்ளைப்படுதலுக்காகவோ, சிறுநீர் எரிச்சலுக்காகவோ, குழந்தைப்பேறு தள்ளிப்போகிறது என்பதற்காகவோ மருத்துவரிடம் செல்பவர்களுக்கு, ஒரே மாதிரியில் பாலுறவு வழியே பரவக்கூடிய ஏழெட்டுக் கிருமிகளைத் தேடிப் பார்க்கும் மல்டிபிளெக்ஸ் பி.சி.ஆர் பரிசோதனை இப்போது எழுதித் தரப்படுகிறது. முடிவுத்தாளில் கிளமிடியா, கொனோரியா, டிரைக்கோமோனாஸ் எல்லாம் ‘இல்லை’ என்றிருக்க, யூரியாபிளாஸ்மா என்ற வரியில் மட்டும் ‘உள்ளது’ என்று சிவப்பில் அச்சாகியிருக்கும். நுண்ணுயிரியல் மருத்துவராகிய என்னிடம் அந்தத் தாளை நீட்டும் தம்பதியர் முதலில் கேட்பது மருந்தைப் பற்றி அல்ல. “டாக்டர், இது யார்கிட்டேருந்து யாருக்கு வந்தது?” என்றே பெரும்பாலும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குள் ஒரு குடும்பம் உடையும் அபாயம் இருக்கிறது. ஆகவே, அந்த ஒற்றை வரி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பொறுமையாக விளக்க வேண்டியது எங்கள் கடமை என்று நான் கருதுகிறேன்.

பாலுறவு வாழ்க்கை உள்ள பெண்களில் நூற்றுக்கு 40 முதல் 80 பேர் வரை, எந்தத் தொந்தரவும் இல்லாமலேயே, பிறப்புறுப்பில் யூரியாபிளாஸ்மாவைச் சுமந்திருக்கிறார்கள். ஆண்களிலும் நலமாக இருக்கும் பலரிடம் அது காணப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் உடலில் தங்கியிருக்கக்கூடிய கிருமி என்பதால், அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. துணைவர் மீது சந்தேகப்பட இந்த அறிக்கையில் இடமே இல்லை என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன்.

இந்தக் கிருமியை 1954-இல் ஷெப்பர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் முதலில் விவரித்தார். செல்சுவர் இல்லாத, மிகச் சிறிய பாக்டீரியா இது. சுவர் இல்லாததால், பாக்டீரியாக்களை நுண்ணோக்கியில் காண வழக்கமாகப் பூசும் கிராம் சாயத்தில் தெரியாது. சுவரைத் தாக்கி வேலை செய்யும் பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளுக்கும் அசையாது. யூரியாவை உடைத்து அதிலிருந்து தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெறுவது இதன் தனித்தன்மை. ஆய்வகத்தில் யூரியாவும் ஃபீனால் ரெட் சாயமும் கலந்த திரவத்தில் மாதிரியை இட்டு வைத்தால், ஓரிரு நாளில் அந்த மஞ்சள் திரவம் துளியும் கலங்காமல், தெளிவாக இருந்தபடியே செவ்வண்ணத்துக்கு மாறும். பார்க்க அழகான சோதனைதான். ஆனால் நிறம் மாறியது எந்த இனத்தால் என்பதை அந்தக் குப்பி சொல்லாது.

இன வேறுபாடு இங்கே முக்கியமானது. நீண்ட காலம் ‘யூரியாபிளாஸ்மா யூரியாலிட்டிகம்’ என்ற ஒரே பெயரில் அழைக்கப்பட்ட இந்தக் கிருமியில் 14 சீரோவார்கள், அதாவது ஆன்டிசீரம் கொண்டு பிரிக்கப்பட்ட உள்வகைகள், இருந்தன. மரபணுக்களை ஒப்பிட்டபோது அவை இரு தெளிவான கூட்டங்களாகப் பிரிந்தன. 1, 3, 6, 14 ஆகிய நான்கும் ‘யூரியாபிளாஸ்மா பார்வம்’ என்றும், எஞ்சிய பத்தும் ‘யூரியாபிளாஸ்மா யூரியாலிட்டிகம்’ என்றும் 2002-இல் தனித்தனி இனங்களாக முறைப்படி அறிவிக்கப்பட்டன. நுண்ணோக்கியின் கீழும் வளர்ப்புச் சோதனையிலும் வழக்கமான முறையில் பிரித்தறிய முடியாத இந்த இரண்டையும், யூரியேஸ் நொதிக்கான மரபணுவிலோ, 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ என்ற மரபணுவிலோ உள்ள சிறு டி.என்.ஏ எழுத்து வேறுபாடுகளைக் கொண்டு பி.சி.ஆர் பிரித்துக் காட்டுகிறது. ஒவ்வோர் இனத்துக்கும் உரிய வரிசையில் மட்டும் சென்று ஒட்டிக்கொள்ளும் பிரைமர்கள் எனும் குட்டி டி.என்.ஏ துண்டுகளை வடிவமைப்பதில்தான் இந்தச் சோதனையின் நம்பகத்தன்மை இருக்கிறது. பிரைமர் இரண்டு இனங்களுக்கும் பொதுவாக அமைந்துவிட்டால், அறிக்கையில் ‘யூரியாபிளாஸ்மா இனங்கள்’ என்றுதான் வரும். அப்படி வரும் அறிக்கையை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்வது எனக்கு உடன்பாடில்லை.

மிகுதியாகக் காணப்படுவது பார்வம். கீழ்ப் பிறப்புறுப்புப் பாதையில் அது பெரும்பாலும் தீங்கின்றித் தங்கியிருக்கிறது. யூரியாலிட்டிகமோ, அளவு மிகுந்திருக்கும்போது, ஆண்களில் சிலருக்குச் சிறுநீர்ப் புறவழி அழற்சியை உண்டாக்கக்கூடும். ஆகவே இனத்தோடு அளவும் தெரிய வேண்டும். ரியல் டைம் பி.சி.ஆர் அறிக்கையில் சி.டி மதிப்பு, அதாவது கிருமியின் மரபணு தென்படும்வரை ஓட்ட வேண்டியிருந்த சுழற்சிகளின் எண்ணிக்கை, தரப்பட்டிருந்தால், எண் குறையக் குறையக் கிருமியின் அளவு கூடுகிறது என்று பொருள். எடுத்த இடமும் கணக்கில் வர வேண்டும். பிறப்புறுப்பில் சாதுவாக இருக்கும் பார்வமே பனிக்குட நீரில் காணப்பட்டால் குறைப்பிரசவத்தோடு தொடர்புபடுத்தப்படுகிறது. குறைமாதக் குழந்தையின் நுரையீரலில் காணப்பட்டால் மருத்துவர்கள் அதை ஒருபோதும் அலட்சியப்படுத்துவதில்லை.

இன்னும் கீழே இறங்கி, எந்தச் சீரோவார் என்றும் பார்த்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கும் பி.சி.ஆர் உண்டு, ஆராய்ச்சிக்கு அது பயன்படும். ஆனால் இந்தக் கிருமிகள் தங்களுக்குள் மரபணுக்களைப் பரிமாறிக்கொள்கின்றன. அதனால், இன்ன சீரோவார் என்றால் இன்ன நோய் என்ற கணக்கு நோயாளியின் படுக்கையருகே நிற்பதில்லை. அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

உள்வகை அறிவது உண்மையிலேயே சிகிச்சையை மாற்றும் இடமும் உண்டு. கிளமிடியா டிரக்கோமாட்டிஸில் எல்1, எல்2, எல்3 வகைகள் நிணநீர்க் கணுக்களைத் தாக்கும் கடுமையான நோயைத் தருகின்றன. மற்ற பிறப்புறுப்பு வகைகளுக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஏழு நாள் போதும். எல் வகைக்கு 21 நாள் தேவை. அவற்றின் பி.எம்.பி.எச் மரபணுவில் 36 எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கொண்டு பி.சி.ஆர் அவற்றை அடையாளம் காண்கிறது. ஆசனவாயில் வலியும் சீழும் உள்ளவருக்குக் கிளமிடியா உறுதியானால், இந்த உள்வகைச் சோதனையைக் கேட்டுப் பெறுவது நியாயம்.

அறிகுறியே இல்லாதவர்களிடம் யூரியாபிளாஸ்மாவை வழக்கமாகத் தேட வேண்டாம் என்று பாலியல் தொற்றுகளுக்கான ஐரோப்பிய வல்லுநர்கள் 2018-இல் வெளிப்படையாகவே கூறினர். தேவையின்றி எழுதப்படும் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், அதே இடத்தில் ஒளிந்திருக்கும் மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியம் என்ற வேறொரு கிருமியை மருந்துக்கு அடங்காததாக மாற்றக்கூடும். அதன் 23எஸ் ஆர்.ஆர்.என்.ஏ மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே போதும். எரிச்சலோ கசிவோ உள்ளவருக்கு முதலில் கொனோரியா, கிளமிடியா, ஜெனிடாலியம், டிரைக்கோமோனாஸ் ஆகியவற்றை விலக்க வேண்டும். பெண்களுக்கு பாக்டீரியல் வெஜினோசிஸ், அதாவது பிறப்புறுப்பில் இயல்பாக உள்ள பாக்டீரியாக்களின் சமநிலை குலைவு, இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகே யூரியாலிட்டிகத்தின் பக்கம் திரும்ப வேண்டும்.

சோதனைக்குச் செல்லும் ஆண்கள், கடைசியாகச் சிறுநீர் கழித்து ஒரு மணி நேரமாவது ஆன பிறகு, முதலில் வரும் சிறுநீரைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். நடுவில் வருவது இதற்கு உதவாது. சிகிச்சை முடிந்து மீண்டும் சோதிக்க நேர்ந்தால், குறைந்தது மூன்று வாரமாவது பொறுத்திருங்கள். இறந்துபோன கிருமியின் டி.என்.ஏ துணுக்குகள் அதுவரை தங்கியிருந்து, நோய் தீர்ந்தவருக்கும் ‘உள்ளது’ என்றே காட்டக்கூடும்.