ஒரு வயதுக்குள் தலை ஸ்கேன்: எது இலவசம், எப்படித் தயாராவது

குழந்தையின் பின்மண்டை ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது. அல்லது நெற்றி நடுவில் வரப்பு மாதிரி ஒரு மேடு தட்டுப்படுகிறது. டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, “எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம்” என்கிறார். அந்த நிமிடமே இரண்டு கவலை வந்து உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைக்கு என்னவோ? செலவு எவ்வளவோ? முதல் கேள்விக்கு டாக்டர்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது கேள்விக்கான பதில் பல வீடுகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. ஒரு வயது முடியாத குழந்தையைச் சிகிச்சைக்காக அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனால், பரிசோதனைக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

இந்த உரிமையைத் தரும் திட்டத்தின் பெயர் ஜனனி சிசு சுரக்ஷா கார்யக்ரம். மருத்துவமனையில் சுருக்கமாக ஜே.எஸ்.எஸ்.கே. என்பார்கள். 2011 ஜூன் 1 அன்று மத்திய அரசு தொடங்கியது. அரசு மருத்துவமனைக்குப் பிரசவத்துக்கு வரும் தாய்க்கும், பிறந்து 30 நாள் வரை நோயுற்ற குழந்தைக்கும் கைக்காசு செலவாகக் கூடாது என்பதே அப்போது நோக்கம். 2014-ல் அதை நீட்டி, ஒரு வயது வரையுள்ள நோயுற்ற குழந்தைகளையும் சேர்த்தார்கள். இந்த நீட்டிப்புதான் பலருக்குத் தெரியாது. ‘அது பிரசவத் திட்டம்தானே’ என்று நினைத்துக்கொண்டு, ஆறு மாதக் குழந்தையோடு கட்டணக் கவுன்ட்டரில் வரிசையில் நிற்பவர்கள் உண்டு.

இதில் அடங்குபவை: மருந்து, ஊசி, பஞ்சு போன்ற பொருட்கள், ரத்தம், எல்லாப் பரிசோதனைகளும், பயனாளர் கட்டணம் எது இருந்தாலும் அதிலிருந்து விலக்கு. போக்குவரத்தும் உண்டு. வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு, அங்கிருந்து மேல் சிகிச்சைக்கு அனுப்பினால் அந்த ஊருக்கு, பிறகு திரும்ப வீட்டுக்கு. தமிழ்நாட்டில் வீடு திரும்ப 102 தாய் சேய் ஊர்தி இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வருவதற்கு முன்பே வார்டு செவிலியரிடம் வண்டிக்குச் சொல்லி வைத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் ஆட்டோவில்தான் போக வேண்டியிருக்கும்.

அரசு மருத்துவமனைகளில் உள்ள சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்களை நடத்துவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அங்கே மற்றவர்களிடம் வெளியைவிடக் குறைந்த ஒரு கட்டணம் வாங்குவது வழக்கம். அதனால் சீட்டு எழுதும்போதே குழந்தையின் வயதைத் தெளிவாகக் குறிக்கச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ் அல்லது தாய் சேய் அட்டை கையில் இருக்கட்டும். கவுன்ட்டரில் பணம் கேட்டால் வாக்குவாதம் வேண்டாம். நேராக நிலைய மருத்துவ அலுவலரிடம், அதாவது ஆர்.எம்.ஓ.விடம் போய் ‘குழந்தைக்கு ஒரு வயது ஆகவில்லை, ஜே.எஸ்.எஸ்.கே.’ என்று சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கும் பேசலாம்.

தனியார் மருத்துவமனைக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. அங்கே உதவுவது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மருத்துவமனை அந்தத் திட்டத்தில் சேர்ந்ததாக இருக்க வேண்டும், சிகிச்சையும் பட்டியலில் இருக்க வேண்டும். இரண்டையும் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். ஸ்கேனோடு முடியாமல் அறுவை சிகிச்சை வரை போனால், குழந்தை ஒரு வயதைத் தாண்டிய பிறகு இந்த அட்டைதான் துணை. ஆகவே இப்போதே எடுத்து வைப்பது நல்லது. ரேஷன் கார்டில் குழந்தையின் பெயர் இன்னும் ஏறவில்லை என்றால் அதையும் சேர்த்துவிடுங்கள்.

ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டமும் இருக்கிறது. 2013-ல் வந்தது. 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்க நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்குமே வரும். அவர்களுடைய பட்டியலில் உள்ள 9 பிறவிக் குறைபாடுகளில் மண்டையோட்டுப் பிரச்சினை பெயர் சொல்லி இடம்பெறவில்லை. அதற்காக அவர்களிடம் காட்டாமல் இருக்க வேண்டாம். வளர்ச்சித் தாமதம் அந்தத் திட்டத்தில் உண்டு. மேலே அனுப்ப ஒரு சீட்டு கிடைத்தால் மாவட்ட மருத்துவமனையில் அலைச்சல் குறையும்.

சரி, ஸ்கேன் எல்லாக் குழந்தைக்கும் தேவையா? இல்லை. பிறந்த குழந்தையின் மண்டையோடு பல துண்டு எலும்புகளால் ஆனது. மூளை வளர இடம் கொடுக்க அவற்றின் இணைப்புகள் திறந்திருக்கும். எப்போதும் ஒரே பக்கமாகப் படுத்தால் அந்தப் பக்கம் தட்டையாகும். இதுதான் அதிகம் காணப்படுவது. கண்ணால் பார்த்து, தொட்டுப் பார்த்தே டாக்டர் சொல்லிவிடுவார். விழித்திருக்கும்போது நாம் பக்கத்தில் இருந்து குப்புறப் போடுவது, தலை திரும்பும் பக்கத்தை மாற்றுவது என்று சில மாதங்களில் பெரும்பாலும் சீராகிவிடும். தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான். குளிக்க வைக்கும்போது தலையை அழுத்தி உருட்டி ‘உருண்டையாக்கும்’ வேலையைப் பாட்டிமார் விட்டுவிடலாம். அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அழுத்தத்தில்தான் இருக்கிறது.

டாக்டர் ஸ்கேன் கேட்பது பெரும்பாலும் இன்னொரு சந்தேகத்தால்: எலும்பு இணைப்புகளில் ஒன்று முன்கூட்டியே மூடிக்கொண்டுவிட்டதோ என்பது. மூடிய இணைப்பின் மேல் மேடு தட்டுப்படும், தலை நீளமாகவோ நெற்றி முக்கோணமாகவோ வளரும். இங்கேதான் காலம் முக்கியம். சிறு துளை வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை முதல் சில மாதங்களுக்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும். தாமதமானால் பெரிய அறுவையாகிவிடும். ‘வளர வளரச் சரியாகும்’ என்று ஒரு வயது வரை காத்திருந்தால் அந்த வாய்ப்பும் போகும், இலவச உரிமையும் போகும். உச்சிக்குழி புடைத்திருந்து, குழந்தை விடாமல் வாந்தி எடுத்தாலோ சோர்ந்து கிடந்தாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.

சின்னக் குழந்தைக்குச் சில சமயம் அல்ட்ராசவுண்டே போதும். அதில் கதிர்வீச்சு இல்லை, தயாரிப்பும் இல்லை. எலும்பைத் துல்லியமாகப் பார்க்க வேண்டுமென்றால் சி.டி.; படம் எடுக்கச் சில விநாடிகள்தான். மூளையைப் பார்க்க எம்.ஆர்.ஐ.; அதற்கு அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், சத்தமும் அதிகம், எனவே பெரும்பாலும் மயக்கம் தேவைப்படும்.

தேதி கொடுத்ததும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “மயக்கம் கொடுப்பீர்களா, இல்லை தூங்க வைத்து எடுப்பீர்களா?” ஏனென்றால் இரண்டுக்கும் தயாரிப்பு நேர் எதிர். மயக்கம் என்றால் வயிறு காலியாக இருக்க வேண்டும். பொதுவாகத் தாய்ப்பாலை 4 மணி நேரம் முன்பும், பால்பவுடர், பசும்பால், கஞ்சி எல்லாவற்றையும் 6 மணி நேரம் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். மயக்க மருந்து டாக்டர் வேறு நேரம் சொன்னால் அதுதான் கணக்கு. ‘பிள்ளை அழுகிறதே’ என்று ஒரு வாய் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை. சளி, காய்ச்சல் இருந்தாலும் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும்.

தூங்க வைத்து எடுப்பது என்றால், காலையிலிருந்து தூங்கவிடாமல் விளையாட்டுக் காட்டி, ஸ்கேனுக்குச் சற்று முன் வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றிப் படுக்க வைப்பார்கள். சி.டி.க்கு இது பல குழந்தைகளுக்குப் போதும். எனவே வீட்டிலேயே பால் கொடுத்துத் தூங்க வைத்துக்கொண்டு வராதீர்கள்; வரிசையில் நிற்கும்போது முழித்துக்கொள்ளும்.

அப்புறம் நகை. கம்மல், கழுத்துச் செயின், தாயத்து எல்லாம் தலை ஸ்கேனுக்குத் தடை. எம்.ஆர்.ஐ. என்றால் காப்பு, கொலுசு, அரைஞாணில் கோத்த வெள்ளி, ஊக்கு, பட்டன் வைத்த சட்டை எதுவும் கூடாது. வீட்டிலேயே கழற்றிவிட்டு, நாடா வைத்த பருத்திச் சட்டை போடுங்கள். கண்மை, நெற்றி மை, தலை எண்ணெய் அன்று வேண்டாம். அறைக்குள் உடன் நிற்க ஒருவரைக் கூப்பிடுவார்கள். கர்ப்பிணியாக இருக்கும் தாய் சி.டி. அறைக்குள் போகக் கூடாது, வேறு ஒருவரை அழைத்துப் போங்கள். பழைய படங்கள், தடுப்பூசி அட்டை, தலைச் சுற்றளவு குறித்த சீட்டு, இரண்டு டயப்பர், மாற்றுத் துணி, பழகிய போர்வை இருந்தால் போதும்.

முடிந்ததும் அறிக்கையோடு படத்தையும், அது பதிவான குறுந்தகட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 3டி படம் சேர்த்துத்தான் பதிவு செய்தார்களா என்று விசாரியுங்கள். மேல் மருத்துவமனையில் அதையே பார்த்துக்கொள்வார்கள், குழந்தையை இன்னொரு முறை கதிர்வீச்சுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்காது.