பன்னிரண்டு வயதில் முடிவாகிவிடாத இடம்: பேஸ்பால் ஆடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

நியூ ஜெர்சியில் விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கும் பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரிகிறேன். பேஸ்பால் சீசன் தொடங்கிவிட்டால் தோள் வலி, முழங்கை வலி என்று பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். கையைப் பரிசோதித்து முடிப்பதற்குள் அப்பாக்கள் கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: "ஷார்ட்ஸ்டாப்பில் நின்றவனை கோச் ரைட் ஃபீல்டுக்கு அனுப்பிவிட்டார். இனி அவ்வளவுதானா, சார்?" ஷார்ட்ஸ்டாப் என்பது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே உள்ள கடினமான இடம். பேஸ்களைச் சுற்றிய உள்பகுதி இன்ஃபீல்ட், அதற்கு அப்பால் அவுட்ஃபீல்ட்; ரைட் ஃபீல்ட் அவுட்ஃபீல்டின் வலதுபுறம்.

அவ்வளவுதான் என்று பன்னிரண்டு வயதில் யாராலும் சொல்ல முடியாது. தொழில்முறை வீரர் மூக்கி பெட்ஸை பாஸ்டன் அணி 2011இல் இன்ஃபீல்டராகத்தான் எடுத்தது. இரண்டாம் பேஸில் டஸ்டின் பெட்ரோயா அசைக்க முடியாமல் நின்றதால் 2014இல் அவுட்ஃபீல்டுக்குப் போனார். பத்து ஆண்டுகள் கழித்து டாட்ஜர்ஸ் அணிக்காக ஷார்ட்ஸ்டாப்பில் நின்றார். பஸ்டர் போஸி கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப். அங்கேயே கேட்சராக (பந்து வீசும் பிட்சருக்கு எதிரே அமர்ந்து பந்தைப் பிடிப்பவராக) மாறி, 2008இல் தொழில்முறை அணிகளின் வீரர் தேர்வில் முதல் சுற்றிலேயே தேர்வானார். பிட்சராகப் புகழ்பெற்ற ஜேக்கப் டிகிராமும் கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப்தான். பால்டிமோர் அணியின் கால் ரிப்கன் கதை நேர்மாறு. ஆறடி நான்கு அங்குல உயரம். அவ்வளவு உயரமானவர் ஷார்ட்ஸ்டாப்புக்கு ஆகமாட்டார் என்பதே அன்றைய பொதுக்கருத்து. 1982இல் மேலாளர் ஏர்ல் வீவர் அவரை மூன்றாம் பேஸிலிருந்து ஷார்ட்ஸ்டாப்புக்கு மாற்றினார்.

கடினமான இடத்தில் பழகியவர் எளிதான இடத்துக்கு இறங்கி வருவது வழக்கம். முதல் பேஸில் மட்டுமே வளர்ந்தவர் ஷார்ட்ஸ்டாப்புக்கு ஏறுவது அபூர்வம். சிறு வயதில் இடத்தை முடிவு செய்யும்போது முதலில் நினைவில் வைக்க வேண்டியது இதுதான். நடைமுறையில் நடப்பதோ வேறு. பதினொரு வயதிலேயே மளமளவென்று வளர்ந்துவிட்ட பையனை, உயரத்தைப் பார்த்து முதல் பேஸில் நிறுத்துகிறார்கள். சின்னதாக இருப்பவனை, பந்து அதிகம் வராத ரைட் ஃபீல்டில் ஒதுக்குகிறார்கள். அந்த வாரம் ஜெயிக்க அது உதவலாம். பதினைந்து வயதில் மற்றவர்கள் முதலாமவனை எட்டிப்பிடித்து விடுகிறார்கள். அவனுக்கோ தரைப்பந்துக்குக் கால் எடுத்து வைக்கவே பழக்கமில்லை. இரண்டாமவனுக்கு உயரமும் வேகமும் வந்திருக்கும், ஆனால் இன்ஃபீல்டில் பந்து எடுத்த அனுபவமே இருக்காது. இரண்டு பிள்ளைகளுக்கும் இழைக்கப்பட்டது அநியாயம் என்றே சொல்வேன்.

வயது கூடும்போது மைதானமும் மாறிவிடும். சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீகில் பேஸ்களுக்கு இடையே 60 அடி. முழு அளவு மைதானத்தில் 90 அடி. கேட்சர் இரண்டாம் பேஸுக்கு எறிய வேண்டிய தூரம் 85 அடியிலிருந்து 127 அடிக்குத் தாவுகிறது. சின்ன மைதானத்தில் சமாளித்த கை, பெரிய மைதானத்தில் திணறுவதும் உண்டு, தெளிவதும் உண்டு. அந்த மாற்றம் முடியும் வரை தீர்ப்பு எழுதாதீர்கள்.

ஒரு பையன் ஷார்ட்ஸ்டாப் ஆவானா என்று பார்க்க, நான் அவனுடைய காலைத்தான் பார்ப்பேன். வலது பக்கம் ஆழமாக உருளும் பந்தை, கையுறையைப் புறங்கையாகத் திருப்பி எடுக்கிறான். அப்போது வலது காலை அழுத்தி ஊன்றி, உடம்பை நிறுத்தி, அங்கிருந்தே எறிய முடிகிறதா? கால் ஊன்றாமல் சறுக்கிக்கொண்டே எறிபவன் முழுச் சுமையையும் முழங்கையில் ஏற்றுகிறான். அவனுக்கு வேண்டியது இடமாற்றம் இல்லை; இடுப்புக்கும் காலுக்கும் பயிற்சி. இடது கைப் பிள்ளைகள் விஷயம் வேறு. இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ், ஷார்ட்ஸ்டாப்பில் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிய அவர்கள் உடம்பையே திருப்ப வேண்டியிருக்கும். அவர்களுக்கு முதல் பேஸ், அவுட்ஃபீல்ட், பிட்சிங் ஆகியவை பொருந்தும்.

இத்தனையையும்விட என்னைக் கவலைப்படுத்துவது, ஒரே பிள்ளையைப் பிட்சராகவும் கேட்சராகவும் ஆடவைப்பது. அணியில் நல்ல கை யாருக்கு இருக்கிறதோ அவனிடமே இரண்டையும் கொடுத்துவிடுகிறார்கள். முழங்கையின் உட்புற எலும்பு முனையில் உள்ள வளர்ச்சித் தகடு (எலும்பு வளரும் மென்மையான பகுதி) பதின்பருவத்தின் நடுப்பகுதி வரை இறுகுவதில்லை. ஒவ்வொரு எறிதலும் அதைப் பிடித்து இழுக்கிறது. அந்த முனையைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தியதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் விசாரித்தால், பலர் பிட்ச் செய்த அன்றே கேட்சராகவும் அமர்ந்தவர்கள். கேட்சர் ஒவ்வொரு பந்தையும் பிட்சருக்குத் திருப்பி எறிகிறார்; அந்த எறிதல்கள் பிட்ச் கணக்கில், அதாவது அடிப்பவருக்கு வீசிய பந்துகளின் எண்ணிக்கையில், சேர்வதே இல்லை.

லிட்டில் லீகில் இதற்கு விதி இருக்கிறது. ஓர் ஆட்டத்தில் 41 பிட்ச்களோ அதற்கு மேலோ வீசியவர் அன்று கேட்சராக ஆடக்கூடாது. நான்கு இன்னிங்ஸ் கேட்சராக இருந்தவர் அன்று பிட்ச் செய்யக்கூடாது. 11, 12 வயதினருக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 85 பிட்ச்கள். ஆனால் சனிக்கிழமை லீக் அணிக்கும் ஞாயிற்றுக்கிழமை வெளியூர் போய் ஆடும் டிராவல் அணிக்கும் ஆடும் பிள்ளையின் கணக்கை இரண்டு கோச்களும் சேர்த்து வைத்திருப்பார்கள் என்று நம்பாதீர்கள். அந்தக் கணக்கை நீங்களே எழுதி வையுங்கள். சீசன் தொடங்கும் முன்பே கோச்சிடம் கேளுங்கள்: இவன் பிட்ச் செய்யும் நாளில் வேறு எங்கே நிற்பான்? பயிற்சியில் எல்லா இடங்களிலும் பந்து எடுக்க விடுவீர்களா?

முழங்கையின் உட்புறம் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், அன்று அவுட்ஃபீல்டுக்கு மாற்றிவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். மைதானத்திலேயே மிக நீளமான எறிதல்கள் அங்கிருந்துதான் வருகின்றன. முதல் பேஸிலும் எறியத்தான் வேண்டும். எறிவதை அன்றே முழுவதுமாக நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் அனுமதிக்கும் வரை கொல்லைப்புறத்தில் அப்பாவோடு பந்து எறிந்து விளையாடுவதும் வேண்டாம்.