கணினித் திரை யார் பக்கம் திரும்பியிருக்கிறது?

கேரளத்தின் மூணாறு, தேவிகுளம் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் கணினி வகுப்பு நடத்துவது என் தொழில். புதிய ஊருக்குப் போனால் அங்குள்ள அரசு இணையச் சேவை மையத்தை எட்டிப் பார்ப்பேன். கணினித் திரை யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை மட்டும் கவனிப்பேன். பெரும்பாலும் மையம் நடத்துபவரின் பக்கம்தான். எதிரே நிற்பவர் ஆதார் அட்டையை நீட்டுவார், கைப்பேசிக்கு வந்த ஓடிபியை உரக்கப் படிப்பார், பணம் கொடுப்பார், அச்சிட்ட தாளை மடித்து எடுத்துக்கொண்டு ஜீப் பிடிக்க ஓடுவார். தன் பெயரில் என்ன எழுதிப் போனது என்பதை அவர் பார்த்திருக்கவே மாட்டார். ஆனாலும் அரசின் கணக்கில் அவர் இணையச் சேவை பெற்ற குடிமகள்.

மையம் நடத்துபவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவருக்கு விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்றுதான் வருமானம். பின்னால் வரிசை நிற்கிறது. ஒருவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் நான்கு பேரின் வேலையை முடித்துவிடலாம். சொல்லிக்கொடுக்கப்பட்டவர் அடுத்த முறை வராமலும் போகலாம். கற்பிப்பவருக்கு நட்டம் வரும்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துவைத்துவிட்டு, மக்கள் ஏன் கற்கவில்லை என்று கேட்டுப் பயனில்லை.

இந்த மையங்களின் தொடக்கம் இப்படி இல்லை. கேரளத்தின் அக்ஷயா திட்டத்தை மலப்புறம் மாவட்டத்தை முன்னோடியாகக் கொண்டு 2002 நவம்பரில் அப்துல் கலாம் தொடங்கிவைத்தபோது, வீட்டுக்கு ஒருவருக்காவது கணினி கற்றுக்கொடுப்பதே அதன் முதல் நோக்கம். முதல் சுற்றுப் பயிற்சி முடிந்ததும் மையங்கள் பிழைக்க வேண்டுமே. சான்றிதழ், கட்டணம், விண்ணப்பம் என்று சேவைகள் வந்தன. சேவை பெருகப் பெருக வகுப்பு ஓரத்துக்குப் போயிற்று. சேவை வந்தது நன்மைதான். தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர்களைக் கேட்டால் தெரியும். வகுப்பு போனதுதான் என் குறை.

நம்மைப் போன்ற நாடுகளில் பொது இடத்தில் உள்ள கணினியை அலட்சியமாக நினைக்க முடியாது. 2017-18இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி உள்ளவை 4.4 விழுக்காடு, நகரத்தில் 23.4. உலக அளவில் 2024இல் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள் என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம். பணக்கார நாடுகளில் 93 விழுக்காட்டினர் இணையத்தில் இருக்க, மிக ஏழை நாடுகளில் 27 விழுக்காட்டினரே இருந்தார்கள்.

எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறதே என்று உடனே ஒருவர் எழுந்து சொல்வார். இருக்கிறது. அந்தக் கைப்பேசியில் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றை அவரையே நிரப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். புகைப்படத்தைக் கேட்ட அளவுக்குச் சுருக்கி, சாதிச் சான்றிதழைப் பிடிஎஃப் ஆக்கி, பாதியில் அழைப்பு வந்து பக்கம் போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கி... பெரிய திரையும் விசைப்பலகையும் வேண்டிய வேலைகள் இன்னும் நிறைய இருக்கின்றன. வாழ்க்கையைத் திருப்பிப் போடும் வேலைகள் பெரும்பாலும் அந்த வகையில்தான் இருக்கின்றன.

கருவியைக் கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கைக்குத் தென் அமெரிக்காவின் பெரு நாடு விலை கொடுத்துப் பார்த்துவிட்டது. பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் அங்கே பல லட்சம் கணினிகள் பள்ளிகளுக்குப் போயின. கணக்கிலும் மொழியிலும் மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்ததாகத் தெரியவில்லை என்று 2012இல் வந்த ஆய்வு சொன்னது. நம் பக்கத்தில் புதுச்சேரியில் வேறொன்று நடந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1998இல் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் பற்றிய தகவலை இணையத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். மீனவருக்கு அன்றைக்கு வேண்டியது அதுதான். ஊருக்கு என்ன தேவை என்று முதலில் கேட்டுவிட்டுக் கணினியைக் கொண்டுபோனார்கள். அந்த வரிசைமுறையை நான் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு 'இது சிபியு, இது மானிட்டர்' என்று பாடம் தொடங்கினால் அடுத்த ஞாயிறு யாரும் வரமாட்டார்கள். நான் பி.எஃப். கணக்கில் தொடங்குவேன். முப்பது ஆண்டு உழைப்பின் பணம் அங்கே கிடக்கிறது. ஓய்வு பெற்றதும் தோட்டம் தந்த லயத்து வீட்டை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு இறங்க வேண்டும். சங்கரன்கோவில் பக்கமோ தேனிப் பக்கமோ ஒரு வீடு கட்ட அந்தப் பணம்தான். தன் பி.எஃப். அடையாள எண்ணான யுஏஎன்னைத் தானே தட்டி, பாஸ்புக் திரையில் விரியும்போது, சுட்டியைப் பிடிக்கப் பயந்த கை தானாக நகரும். வயதான பெண்கள் இதில் காட்டும் வேகம் கல்லூரிப் பிள்ளைகளிடம் எனக்குக் கிடைத்ததில்லை.

அங்கேயே முதல் சிக்கலும் வெளிப்படும். பெயர். தமிழ்நாட்டு வழக்கத்தில் முதலெழுத்து முன்னால் வரும், கேரளத்தில் பின்னால் வரும், ஆதாரில் கணவர் பெயர் முழுதாக ஒட்டிக்கொண்டிருக்கும், தோட்டத்துப் பழைய பேரேட்டில் வெறும் லெட்சுமி என்று மட்டும் இருக்கும். லட்சுமியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையும் ஒரே குடும்பத்து ஆவணங்களில் பார்க்கலாம். பணம் கேட்கும் நாளில் கணினி இவற்றை வெவ்வேறு மனிதர்களாகத்தான் பார்க்கும். ஓய்வுக்கு ஓரிரு ஆண்டு முன்னதாகவே திரையைத் தானே பார்த்தவர் திருத்தத்துக்கு விண்ணப்பித்துவிடலாம். பார்க்காதவருக்கு விண்ணப்பம் திரும்பி வந்த பிறகுதான் தெரியவரும்.

இன்னொன்று, விரல். ஆண்டுக்கணக்கில் கொழுந்து கிள்ளித் தேய்ந்த விரலில் ரேகை பதியாது. இயந்திரம் மறுத்ததும் ஏதோ தன்மேல் குற்றம் போல முகம் வாடித் திரும்பி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆதார் சரிபார்ப்புக்குக் கருவிழி, முகம் என்று வேறு வழிகளும் உண்டு. அந்த வசதி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பகுதியில் தமிழ்வழியில் படித்தவர்கள் ஏராளம். மலையாளம் பேசுவார்கள், படிக்கத் திணறுவார்கள். நாங்கள் திறக்கும் படிவங்களோ பெரும்பாலும் மலையாளம், இல்லாவிட்டால் ஆங்கிலம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் தமிழருக்கு உரிமை தருகிறது. தாளுக்கு இருக்கும் இந்த உரிமை திரைக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை. அதுவரை நாம் செய்யக்கூடியது, தமிழில் தட்டச்சு பழகுவது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்து இடக்கைப் பக்கம், மெய்யெழுத்து வலக்கைப் பக்கம். அரிச்சுவடி தெரிந்தவருக்கு அது அந்நியமில்லை. ஆங்கில எழுத்து தெரியாததால் கணினி தனக்கில்லை என்று ஒதுங்கியவர், தன் பெயரையும் தன் எஸ்டேட் பெயரையும் தமிழில் அடித்துப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

2025 ஆகஸ்டில் கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. வீடு வீடாகக் கணக்கெடுத்து, தன்னார்வலர்களை வைத்து ஏறத்தாழ 22 லட்சம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தது எளிய காரியமன்று. நூறு வயது கடந்தவர்கூடக் கற்றார். ஆனால் அந்தப் பாடத்தின் மையம் கைப்பேசி. காணொளி அழைப்பு பேசத் தெரிந்தவரும் பி.எஃப். படிவத்தின் முன்னால் கைகட்டித்தான் நிற்கிறார். சேவை மையத்து மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னும் கூட்டம் குறையவில்லை.

மையத்துக்குப் போகும்போது இவற்றை மட்டுமாவது செய்யுங்கள். திரையை என் பக்கம் திருப்புங்கள் என்று கேளுங்கள். அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் உங்கள் பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு எண் மூன்றையும் நீங்களே படியுங்கள். ஓடிபியை வாயால் சொல்லாமல் நீங்களே தட்டுங்கள். தட்டுமுன் அந்தக் குறுஞ்செய்தி எதற்காக வந்தது என்று பாருங்கள். கடவுச்சொல்லை மையம் நடத்துபவரே வைத்துத் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும். பொதுக் கணினிகளின் பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்தால் பல பேரின் ஆதார் நகல்கள் அப்படியே கிடப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். வேலை முடிந்ததும் உங்கள் கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொல்லுங்கள். கணக்கிலிருந்து வெளியேறிவிட்டோமா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். நகல் மட்டும் போதும் என்றால் கடைசி 4 இலக்கங்கள் மட்டுமே தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். பணம் பறிபோனால் தயங்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு, பணத்தை வழியிலேயே நிறுத்த.

இவையெல்லாம் தனியாள் செய்பவை. ஊர் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கொழுந்தெடுப்பு முடிந்து பெண்கள் வீடு திரும்பும்போது மையங்கள் மூடும் நேரம் ஆகிவிடுகிறது. ஞாயிறு விடுமுறை. டவுனுக்குப் போய் வருவதென்றால் ஒரு நாள் கூலியும் ஜீப் கட்டணமும் போயிற்று. 2023 ஜூனில் தொடங்கிய கேஃபோன் என்ற கேரள அரசின் இணைய இணைப்பு அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் போவதற்காகவும் வந்தது. கேரளப் பள்ளிக் கணினிக் கூடங்கள் கட்டற்ற மென்பொருளில் இயங்குகின்றன, உரிமச் செலவு இல்லை. பள்ளி விட்ட பிறகு அந்தக் கூடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. எஸ்டேட் பக்கத்து வாசகசாலைகளில் பகலில்கூட நாற்காலிகள் காலியாக இருக்கின்றன.

உங்கள் வார்டு கிராம சபை அடுத்து எப்போது கூடுகிறது என்று உறுப்பினரிடம் கேளுங்கள். வாசகசாலையில் இரண்டு கணினி, ஒரு அச்சு இயந்திரம், மழைக்கால மின்வெட்டுக்கு ஒரு யுபிஎஸ், சொல்லிக்கொடுக்க அந்த லயத்திலேயே படித்த ஒரு பெண்ணுக்கு மாதச் சம்பளம். முடித்துக்கொடுத்த விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று அந்தச் சம்பளத்தைக் கணக்கிடக் கூடாது. வேலை நாளில் மாலை 5 முதல் 8 வரையும் ஞாயிறு முழு நாளும் திறந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மனுவைத் தமிழில் கொடுங்கள்.